வெயிலுமுத்து கோஷ்டி புகை இறைத்த கதை

முட்டாள்களில் பல ரகம் உண்டு. இது கிணறு வெட்டுகிற ரகம்.

ராமநாதபுரம் பக்கம் வறட்டாங்குளம் என்று ஓர் ஊர். தேடிப் போக வேண்டாம், பஸ் கிடையாது. அந்த ஊர் ஆட்கள் கிணறு வெட்டுவதில் கெட்டிக்காரர்கள். அதை யாரும் மறுக்கவில்லை. தொந்தரவு என்னவென்றால், அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எதைக் காட்டினாலும் அதில் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் அண்டாவைக் கண்டால் எட்டிப் பார்த்து ஆழம் சொல்வார்கள்.

அங்கிருந்து மூன்று பேர் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார்கள். மூத்தவர் வெயிலுமுத்து. கூட அவர் தம்பி மொக்கச்சாமி, மச்சினன் ஒச்சப்பன். எஸ்தர் டீச்சர் என்று காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மாள். அவருடைய பங்களாவில் கிணறு வெட்ட வந்தவர்கள். வெட்டினார்கள், தண்ணீர் வந்தது. டீச்சருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "போக வேணாம். அவுட்ஹவுஸில் தங்கிக்கிட்டு வீட்டைப் பார்த்துக்கங்க" என்றார். படித்தவர்களும் தப்புச் செய்வார்கள்.

அவர்களோடு வெயிலுமுத்துவின் ஒரே மகள் பூங்கனியும் தங்கியிருந்தாள். தாயில்லாப் பெண். அந்தக் குடும்பத்தில் தலைக்குள் ஏதோ வைத்திருந்தது அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சிரமம்தான்.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் வந்து போயிருந்தது. முதல் வரன் வந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன், மரியாதைக்கு, "கிணறு நல்லா இருக்கே" என்றார். வெயிலுமுத்து உடனே அவரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிக் காட்டினார். இரண்டாவது வரன்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு பஸ் ஸ்டாண்டோடு திரும்பிப் போனார்கள்.

மூன்றாவது வரன் மலையடிவாரத்து வாய்க்கால்பட்டித் தவசி. வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் சந்தைக்கு வருகிறவன். சந்தையில் பூங்கனியைப் பார்த்தபோது தோளில் இருந்த தாரைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டான். போட்டது தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பூங்கனிக்குப் பிடித்துவிட்டது. என்ன செய்வது, பிடித்துவிட்டது.

தரகர் அருணகிரி வந்து கண்டிப்பாகச் சொன்னார்.

"இங்க பாருங்க வெயிலுமுத்து. மாப்பிள்ளையோட அப்பா சுருளிநாதனுக்கு இழுப்பு இருக்கு. குளிர் ஆகாது. புகையும் ஆகாது. ரெண்டுல எது மூக்குல ஏறினாலும் மனுஷன் எந்திரிச்சுப் போயிருவாரு. போனா திரும்ப வரமாட்டாரு. இதுவும் போச்சுன்னா என்கிட்ட வேற வரன் கிடையாது. சொல்லிட்டேன்."

தை மாசம். கொடைக்கானலில் பச்சைத் தண்ணீர் விரலைக் கடிக்கும். டீச்சர் இரக்கப்பட்டு, "என் ஹாலிலேயே பெண் பார்த்துக்கங்க. கணப்பை மூட்டினா வெதுவெதுன்னு இருக்கும்" என்றார்.

கணப்பு என்பது வேறொன்றும் இல்லை. ஹால் சுவருக்குள்ளேயே ஓர் அடுப்பு. சமைக்க இல்லை, குளிர்காய. அதிலிருந்து கூரைக்கு மேலே கல்லால் கட்டிய புகைபோக்கி. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் கட்டியது.

டீச்சர் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காரில் ஏறும்போதே விவரம் சொன்னார்.

"முதல்ல புகைபோக்கியைச் சுத்தம் பண்ணுங்க. உள்ள கரி படிஞ்சிருந்தா அதுவே தீப்பிடிக்கும். விறகு நல்லா காய்ஞ்சிருக்கணும். ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, ணங்குன்னு கேட்டா காய்ஞ்ச விறகு. எரியிற பொருள் எதுவும் தீக்கு மூணடிக்குள்ள இருக்கக் கூடாது. தீயைத் தனியா விட்டுட்டுப் போயிராதீங்க. சாம்பலுக்குள்ள கங்கு இருக்கும், இரும்பு வாளியில அள்ளி மூடி, வீட்டை விட்டுத் தள்ளி வையுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்" என்றார்கள் மூவரும். கார் போய்விட்டது.

மறுநாள் காலை கூரைமேல் ஏறினார்கள். வெயிலுமுத்து புகைபோக்கியின் வாய்க்குள் தலையை விட்டு "ஓய்" என்றார். "ஓய்" என்று திரும்பி வந்தது.

"மாப்ள, இது கிணறு."

"கூரை மேலயா மச்சான் கிணறு வெட்டுவாங்க?" என்றான் ஒச்சப்பன்.

"மலையில எல்லாமே உசரத்துலதானே இருக்கு? கிணறு மட்டும் பள்ளத்துல கெடக்குமா?"

ஒச்சப்பன் யோசித்தான். "நியாயம்தான்."

கிணறு என்றால் தூர் வார வேண்டும். மொக்கச்சாமியின் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். நாற்பது வயசு ஆள், தொந்தி உண்டு. பாதியில் செருகிக்கொண்டான். கால் இரண்டும் கீழே ஹாலில், கணப்புக்குள் தொங்கின.

"டேய், தண்ணி தட்டுப்படுதா?" என்று மேலேயிருந்து அண்ணன் கேட்டார்.

"இல்லண்ணே. கரிதான்."

"கால்ல என்ன படுது?"

"காத்து படுதுண்ணே."

மேலே கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்கள்.

"அடி ஓட்டை" என்றார் வெயிலுமுத்து. "அதான் தண்ணி நிக்கல. இத்தனை வருஷமா டீச்சர் ஓட்டைக் கிணத்த வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லல பாரு."

"படிச்சவங்க மச்சான். வெக்கப்பட்டிருப்பாங்க."

உடனே சிமெண்டு குழைத்து அடியை அடைத்துவிடுவது என்று முடிவானது. சத்தம் கேட்டுப் பூங்கனி ஹாலுக்கு ஓடிவந்தாள். சித்தப்பாவின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் கணப்புக்குள் குனிந்து மேல்நோக்கிக் கத்தினாள்.

"அப்பா! இங்கதான் தீ மூட்டணும்!"

"கிணத்துலயா?"

"கிணறு இல்லப்பா இது!"

"தண்ணியில்லாட்டியும் கிணறு கிணறுதாம்மா. மட்டமாப் பேசக் கூடாது."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "சரிப்பா. ஓட்டையை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போனப்புறம் அடைச்சுக்கலாம்."

அதற்கு ஒத்துக்கொண்டார்கள். மொக்கச்சாமியை வெளியே எடுக்க மேலேயிருந்து தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். சர்ரென்று வந்து அடுப்பில் உட்கார்ந்தான். உள்ளே படிந்திருந்த கரியெல்லாம் அவனோடு வந்துவிட்டது. ஆக, புகைபோக்கி சுத்தமாகியது வாஸ்தவம். மொக்கச்சாமி சுத்தமாக நாலு நாள் ஆயிற்று.

அதோடு விட்டிருந்தால் கதை இல்லை. வறட்டாங்குளத்தாருக்குத் தொழில் தர்மம் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் கிணற்றைத் திறந்து போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். யாராவது விழுந்தால் பாவம். ஆகவே ஒரு பலகைக் கல்லைக் கூரைக்கு ஏற்றி, புகைபோக்கியின் வாயை மூடினார்கள்.

"அப்பா, மூடிட்டா புகை எப்படிப்பா வெளியே போகும்?"

"தொறந்து கெடந்தா பிள்ளைங்க விழுந்துரும்மா."

"கூரை மேல எந்தப் பிள்ளைப்பா வரப்போகுது?"

"விழுற பிள்ளைக்கு இடமா தெரியும்?"

பூங்கனி தனியாக ஏறி அந்தக் கல்லை நகர்த்திப் பார்த்தாள். இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து தள்ளுகிற கல். அது அவளைச் சட்டை செய்யவில்லை.

அடுத்தது விறகு. கொட்டகையில் இருந்த கட்டைகளைத் தட்டிப் பார்த்தார்கள். தொப், தொப் என்றன. ஈரம். ணங் என்று சொல்லும் மரத்தைத் தேடி மூவரும் தட்டிக்கொண்டே போனார்கள். வேலிக்கால் தொப். வாசல்படி தொப். ஹாலுக்குள் போய் நாற்காலியைத் தட்டினார்கள். ணங்!

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர் காய்ஞ்ச விறகை ஹாலுக்குள்ளயே அடுக்கி வச்சிருக்காங்க" என்றான் மொக்கச்சாமி. "மழை படாம இருக்கட்டும்னு."

"கால் வேற வச்சிருக்காங்க. தரை ஈரம் ஏறாம."

பூங்கனி கடைக்குப் போய்விட்டு வந்தபோது ஹாலில் இருந்த நாற்காலி அத்தனையும் விறகாகி, ஒழுங்காக அடுக்கியிருந்தது.

"ஐயோ! நாற்காலியை வெட்டிட்டீங்களே!"

"தட்டிப் பாரும்மா. ணங்குங்குது."

"அது தேக்கு மாமா!"

"அதான் ணங்குங்குது" என்றான் ஒச்சப்பன். "மேசையும் ணங்குங்குது. அது நாளைக்கு."

மறுநாள் முழுக்கப் பூங்கனி மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். மேசை பிழைத்தது.

சாயங்காலம் கணப்பை மூட்டிப் பார்த்துவிடுவது என்று கூடினார்கள். ஒச்சப்பன் அடுப்பிலிருந்து இரண்டு முழம் அளந்து தரையில் கோடு போட்டான். மூன்றடி. அதற்குள் இருந்த பாய், துணி, பூங்கனியின் கோலமாவு டப்பா எல்லாம் வெளியே போயின. கோலமாவு எரியாது என்று அவள் சொல்லியும் எடுபடவில்லை. பிறகு ஒச்சப்பன் விறகைப் பார்த்தான்.

"மச்சான், விறகு எரியுமா எரியாதா?"

"எரியும்."

"அப்ப அதுவும் மூணடி தள்ளித்தான் இருக்கணும்."

"அப்படின்னா தீ எதுலடா எரியும்?" என்றான் மொக்கச்சாமி.

"அது தீயோட பாடு. நமக்குச் சொன்னதை நாம செய்யணும்."

விறகைக் கோட்டுக்கு வெளியே அடுக்கிவிட்டு, அடுப்புக்குள் ஒரு கற்பூரத்தை ஏற்றிவைத்தார்கள். கற்பூரம் எரிந்தது. விறகு மூன்றடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. மூவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் அசந்த நேரம் பார்த்துப் பூங்கனி விறகைக் காலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

"அண்ணே, விறகு உள்ள போயிருச்சு!"

"தானாவா?"

"அதுக்கும் குளிரும்ல" என்றான் ஒச்சப்பன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

தேக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. மேலே கல் மூடியிருந்தது. புகை மேலே போய்ப் பார்த்தது, முட்டியது, திரும்பி ஹாலுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று இருமலை வைத்துத்தான் தெரிந்தது.

"ஊத்துக்கண் தொறந்துருச்சு!" என்று வெயிலுமுத்து இருமிக்கொண்டே கத்தினார். "தண்ணி வரல, புகை வந்திருச்சு! என்னா ஊத்து! எப்படி ஊறுது பாரு!"

பூங்கனி கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, அப்பாவின் போனை வாங்கி டீச்சருக்குப் போட்டாள். வெயிலுமுத்து பிடுங்கிக்கொண்டார்.

"டீச்சர், உள்ள புகையா ஊறுது டீச்சர்."

"புகைபோக்கி அடைச்சிருக்கா பாருங்க."

"அடைக்கல டீச்சர்."

"நல்லாப் பாருங்க, மேல எதாவது அடைச்சிருக்கும்."

"சத்தியமா அடைக்கல டீச்சர். மூடித்தான் வச்சிருக்கோம்."

சிக்னல் போய்விட்டது. மலையில் அப்படித்தான், வேண்டிய நேரத்தில் போய்விடும்.

அன்று கூடிப் பேசினார்கள். ஊற்று அதிகமானால் கிணற்றுக்காரன் என்ன செய்வான்? இறைப்பான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. புகைபோக்கியின் மேல் மூங்கில் நட்டு, கப்பி மாட்டி, கயிற்றில் வாளியைக் கட்டினார்கள். கல்லைத் தள்ளிவிட்டு வாளியை உள்ளே விட்டார்கள். தீக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, ஒரு குலுக்குக் குலுக்கி, மேலே இழுத்து, கூரையின் மேற்குப் பக்கம் கவிழ்த்தார்கள். மறுபடி விட்டார்கள்.

ஹாலில் புகை குறைந்தது. சற்று நேரத்தில் சுத்தமாகப் போய்விட்டது. தீ கணகணவென்று எரிந்தது. ஹால் வெதுவெதுப்பாகியது.

"பாத்தியாம்மா!" என்று புகைபோக்கி வழியாக அப்பாவின் குரல் இறங்கி வந்தது. "இறைச்சாத்தான் ஆகும்!"

"நீங்க இறைச்சதால போகலப்பா! மூடியைத் தொறந்ததால போச்சு!"

"மூடியைத் தொறக்காம எப்படிம்மா இறைக்கிறது? பேசுற பாரு!"

கை ஓய்ந்ததும் கல்லைத் தள்ளி மூடிவிட்டு இறங்கி வந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் ஹால் மறுபடி புகை. "சொன்னேன்ல, நல்ல ஊத்து" என்றார் வெயிலுமுத்து, பெருமையாக. மறுபடி ஏறினார்கள். மூடியைத் திறந்து இறைத்தார்கள். போயிற்று. மூடினார்கள். வந்தது. பூங்கனி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

தீயைத் தனியாக விடக் கூடாது என்று சொல்லியிருந்ததே. அதற்கு மொக்கச்சாமி. அவன் தீக்கு முன்னால் உட்கார்ந்து, அதற்குப் பொழுது போகட்டும் என்று ஊர்க்கதையெல்லாம் சொன்னான். பங்காளிச் சண்டை வரைக்கும் வந்துவிட்டான். சாம்பல் அள்ளுகிற வேலையும் அவனுக்குத்தான். இரும்பு வாளியில் அள்ளி, மூடி, வீட்டை விட்டுத் தள்ளி வைக்கக் கிளம்பினான். இந்த வீட்டை விட்டுத் தள்ளிப் போனால் அடுத்த வீடு வந்தது. அதை விட்டுத் தள்ளிப் போனால் இன்னொரு வீடு. கொடைக்கானலில் வீடு முடிகிற இடத்தைத் தேடிப் போனவன் மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தான்.

"எங்கேடா வச்சே?"

"வீடே இல்லாத இடத்துலண்ணே. ஆனா அங்க இருந்தவரு, இது சுடுகாடு, சாம்பல் எல்லாம் இங்க நெறைய இருக்கு, வெளியிலேர்ந்து கொண்டுவராதேன்னு திட்டினாரு."

பெண் பார்க்கும் நாள் வந்தது.

பூங்கனி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இவர்களைத் திருத்த முடியாது. இவர்கள் இறைத்துக்கொண்டே இருந்தால் மூடி திறந்தே இருக்கும். புகை வராது. சுருளிநாதன் வந்து, பார்த்து, போகிறவரைக்கும் இறைத்தால் போதும். மாமாவையும் சித்தப்பாவையும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

"நான் கூப்பிடுற வரைக்கும் நிறுத்தாதீங்க. என் வாழ்க்கையே உங்க கையிலதான் இருக்கு."

"வாளியிலதானே இருக்கு? கவலைப்படாத" என்றான் ஒச்சப்பன். மொக்கச்சாமி தீயிடம் சொல்லிக்கொண்டு கூரைக்கு ஏறினான். தரகரைத் தீக்குத் துணையாக உட்காரவைத்தார்கள்.

சுருளிநாதன் கம்பளி, மஃப்ளர், குல்லா சகிதம் வந்தார். கூட மனைவி வேலுத்தாயி. பின்னால் தவசி. ஹாலுக்குள் வந்ததும் சுருளிநாதன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். குல்லாவைக் கழற்றினார். மஃப்ளரை அவிழ்த்தார்.

"அடடா. இதமா இருக்கே. புகையும் இல்ல."

சுற்றிப் பார்த்தார். "உக்கார நாற்காலி ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு சம்பந்தி" என்றார் வெயிலுமுத்து. "எரிஞ்சுக்கிட்டு இருக்கு."

சுருளிநாதன் தீயைப் பார்த்தார், தலையை ஆட்டினார், கிணற்றுக்கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தார். புகைபோக்கிக்குள் வாளி ஏறி இறங்கியது. பூங்கனி காப்பி கொண்டுவந்தாள். வேலுத்தாயி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் கூடி வந்துகொண்டிருந்தது.

அப்போது கணப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"காப்பி வாசனை வருதே. எங்களுக்கு இல்லையா?"

"இறைச்சு முடிங்க மாமா, தரேன்!" என்றாள் பூங்கனி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வெயிலுமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "வேலை செய்யிறவனைக் காயப்போடக் கூடாதும்மா. டேய், இறங்கி வாங்கடா, காப்பி ஆறிப்போயிரும்."

மேலே கல் தள்ளுகிற சத்தம் கேட்டது. தர்மம் தவறாதவர்கள். மூடிவிட்டுத்தான் இறங்கினார்கள்.

புகை வந்தது. சுருளிநாதன் ஒரு தடவை இருமினார். அப்புறம் இழுத்தார். அப்புறம் எழுந்து வாசலைப் பார்த்து ஓடினார். வேலுத்தாயி பின்னால் ஓடினாள். தரகர் தீயைத் தனியே விட முடியாமல் அங்கேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏறுங்கடா! இறைங்கடா!" என்று வெயிலுமுத்து கத்தினார். இருவரும் காப்பி டம்ளரோடு ஏணியில் ஏறினார்கள்.

சுருளிநாதன் தோட்டத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஒருத்தன் கயிற்றை இழுத்தான். ஒருத்தன் வாளியைக் கவிழ்த்தான். வாளியிலிருந்து ஒன்றும் விழவில்லை.

"என்ன பண்றாங்க?"

"புகை இறைக்கிறாங்க சம்பந்தி."

வாசலில் நின்ற பூங்கனி கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

"வாளியிலயா?"

"வாளியிலதான்."

சுருளிநாதன் வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு வாளிக்கு எம்புட்டு வரும்?"

"தளும்பத் தளும்ப வரும்."

"அநியாயமாத் தரையில கொட்டுறீங்களேய்யா!"

பூங்கனி கண்ணைத் திறந்தாள்.

"எங்க ஊர்ல வாழைத்தோப்புக் கொசு மாட்டைத் தூக்கிட்டுப் போகுது" என்றார் சுருளிநாதன். "புகைமூட்டம் போட்டுப் போட்டு எங்க கை ஓஞ்சு போச்சு. நீங்க என்னடான்னா ஊத்தையே வச்சுக்கிட்டு வீணாக் கொட்டுறீங்க."

"உங்களுக்குத்தான் புகை ஆகாதே சம்பந்தி?"

"எனக்கு ஆகாது. கொசுவுக்கும் ஆகாது. அதனாலதான் கேக்கிறேன்."

பேச்சு அங்கேயே முடிந்தது. நகை நட்டு எதுவும் வேண்டாம். பெண்ணோடு இருபத்தோரு பானை புகை சீராக வர வேண்டும். வெயிலுமுத்து கையடித்துக் கொடுத்தார். பூங்கனி தவசியைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு, காப்பியைச் சட்டைப்பைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

புதுப் பானைகள் வந்தன. ஒவ்வொன்றையும் புகைபோக்கியின் மேல் கவிழ்த்துப் பிடித்து, நிரம்பியதும் வாயில் துணி போட்டு வேடு கட்டினார்கள். ஊற்றை நன்றாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தார்கள், சிந்தவில்லை. அதற்கு மறுநாள் எஸ்தர் டீச்சர் ஊரிலிருந்து வந்து நாற்காலிகளைத் தேடினார். அவர் பேசியதை அச்சில் போட முடியாது. பூங்கனியின் முகத்துக்காக, போலீஸ் வரை போகவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, பெண்ணும் பானைகளுமாக வேன் வாய்க்கால்பட்டிக்கு இறங்கியது. ஊரே கூடி நின்றது. வேலுத்தாயி முதல் பானைக்குக் குங்குமம் வைத்து, வேட்டை அவிழ்த்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒண்ணுமில்லையே."

இரண்டாவது பானை. ஒன்றுமில்லை. இருபத்தொன்றிலும் ஒன்றுமில்லை. சுருளிநாதனின் முகம் மாறியது.

"காலிப் பானையைக் குடுத்து ஏமாத்தப் பாக்குறீங்களா?"

"சம்பந்தி, எங்க வம்சத்துல அந்த வழக்கம் கிடையாது" என்றார் வெயிலுமுத்து. "கண் முன்னால நெறைச்சோம். கனத்துச்சு."

ஒச்சப்பன் ஒரு பானையைத் திருப்பி அடியைத் தடவினான். விரலை முகர்ந்தான்.

"மச்சான், புதுப் பானை. ஊறப்போடாம நெறைச்சுட்டோம். வழியெல்லாம் ஒழுகியிருக்கு."

கூட்டத்தில் 'அச்சச்சோ' என்று சத்தம். புதுப் பானை ஒழுகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் சுருளிநாதன். "புகை வராம தாலி ஏறாது. நாளைக்கு விடிஞ்சா முகூர்த்தம்."

ஒழுகினது வழியில்தானே கிடக்கும், போய்த் தேடி அள்ளுவது என்று பானையும் முறமுமாக இரு வீட்டாரும் வேனில் ஏறினார்கள். பட்டுச்சேலையோடு பூங்கனியும் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற மாதிரி அவள் முகம் இல்லை. மொக்கச்சாமி முன்னால் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். வளைவு வளைவாக ஏறினார்கள். சொட்டுக்கூடத் தட்டுப்படவில்லை. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சுருளிநாதன், "வேனைத் திருப்பு, கல்யாணமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார்.

அடுத்த வளைவில் ரோடு தெரியவில்லை. வெள்ளையாக, அடர்த்தியாக, மலைச்சரிவிலிருந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

"அப்பா, நிறுத்தச் சொல்லுங்க!" என்றாள் பூங்கனி. "அதோ கெடக்கு. ஒழுகினது பூரா இங்கதான் தேங்கி நிக்குது!"

வெயிலுமுத்து எட்டிப் பார்த்தார். "அது பனிமூட்டம்மா. நம்ம வீட்டுப் பக்கம் தினம் வருமே."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பூங்கனி அப்பாவுக்குப் புரிகிற பாஷையில் பேசினாள்.

"அப்பா, பனிமூட்டம் வீட்டுப் பக்கம் வரும், தானா வரும். சரி. இது நடு ரோட்டுல கெடக்குதே. ரோட்டுல எவனாவது பனியைக் கொண்டாந்து கொட்டுவானா?"

வெயிலுமுத்து தாடையைத் தடவினார். சுருளிநாதனைப் பார்த்தார். சுருளிநாதனும் தாடையைத் தடவினார்.

"நியாயம்தான்" என்றார்கள் இருவரும்.

முதலில் பானைகளை ரோட்டோர ஓடையில் ஊறப்போட்டார்கள். ஒரு தடவை பட்டது போதும். பிறகு எல்லோரும் ஆளுக்கொரு பானையோடு வெள்ளைக்குள் இறங்கினார்கள். வேலுத்தாயி முறத்தால் தள்ளித் தள்ளி நிரப்பினாள். சுருளிநாதன் ஒரு பானைக்குள் மூக்கை விட்டார்.

"வாடையே இல்லையே?"

"தேக்கு சம்பந்தி" என்றான் ஒச்சப்பன். "சுத்தமான புகை."

சுருளிநாதன் இன்னொரு தடவை ஆழமாக இழுத்தார். குளிர் நெஞ்சில் ஏறியது. இருமல் வந்தது. அப்புறம் இழுப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, கையை உயர்த்தினார்.

"அசல்தான்! கட்டுங்க வேடு! கல்யாணம் நடக்குது!"

பூங்கனி ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் ஒதுங்கி நின்றாள். தவசி தன் பானையோடு பக்கத்தில் வந்து நின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லிறாத. இவங்க எல்லாரும் ஏமாந்துட்டாங்க."

பூங்கனிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல் நகர்ந்தது. இரண்டு குடும்பத்திலும் சேர்த்து, இன்னொரு ஆள். இருக்கிறான். பக்கத்திலேயே நிற்கிறான்.

"எனக்கும் தெரியுங்க" என்றாள். "தெரிஞ்சுதான் பேசாம இருக்கேன்."

"உனக்கும் தெரியுமா? நீ கெட்டிக்காரிதான்." அவன் பானையை அவளிடம் நீட்டினான். "தொட்டுப் பாரு. சில்லுன்னு இருக்கு. பூரா ஆறிப்போன புகை. இதுக்குக் கொசு பயப்படவே பயப்படாது."

பூங்கனி தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது.

"பரவால்ல, அவங்களுக்குத் தெரிய வேணாம்" என்றான் தவசி. "வீட்டுக்குப் போனதும் அடுப்புல ஏத்தி ஒரு கொதி விட்டுக்கலாம்."

அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் தன் பானையின் வேட்டை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.

"பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்" என்றாள். "பொங்கிரும்."